15 நாள் தாண்டி வந்த கேரள சலான்: கட்டணுமா, கிழிச்சுப் போடணுமா?

மஞ்சள்போர்டு_கோவை:
எங்கள் டிரைவர்கள் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு புண்ணியவான் குரல் பதிவு போட்டிருக்கிறார். கேரளாவில் கேமரா பிடித்த ஓவர் ஸ்பீடு சலான் 15 நாளைக்குள் வரவில்லை என்றால் செல்லாதாம். தமிழ்நாட்டு வண்டிக்காரன் எவனும் கட்டவே தேவையில்லையாம். கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பேச்சை நம்பித்தான் எனக்குத் தெரிந்த எட்டியோஸ் கார்காரர் ஒருவர் பாலக்காடு, திருச்சூர் என்று விழுந்த சலானையெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்டார். வண்டியை விற்கப் பார்ட்டி பிடித்து அட்வான்ஸும் வாங்கியாச்சு. பேர் மாற்றப் போனால் கணினியில் நிலுவை வரிசை கட்டி நிற்கிறது. கட்டிவிட்டு வாங்க என்று கவுண்டரில் தாளைத் திருப்பித் தள்ளிவிட்டார்கள். பாதி சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கே, அதாவது இணையவழி நீதிமன்றத்துக்கே, போய்விட்டது. இப்போது பார்ட்டி அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார். குரல் பதிவு போட்ட மகராசன் வந்து கொடுப்பாரா?

விதி_167ஏ:
அந்தக் குரல் பதிவு என்னுடையது இல்லை. ஆனால் அதில் சொன்ன 15 நாள் கணக்கு சரி. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167ஏ என்று புதிதாகச் சேர்த்தார்கள். கேமரா பிடித்த குற்றத்துக்கு, சம்பவம் நடந்த 15 நாளைக்குள் நோட்டீஸ் போக வேண்டும். கேமராவுக்கு வருடா வருடம் புதுப்பித்த அங்கீகாரச் சான்று வேண்டும். கேமரா பார்க்கிற இடத்துக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வேண்டும். நானாகச் சொல்லவில்லை, அரசிதழில் இருக்கிறது. 15 நாள் தாண்டினால் அது வெறும் காகிதம். பயந்தவர்கள் கட்டிக்கொள்ளட்டும்.

கொழிஞ்சாம்பாறை_தமிழன்:
அரசிதழை முழுசாகப் படித்தீர்களா, யூடியூப்பில் கேட்டதோடு சரியா? 15 நாளைக்குள் அவர்கள் அனுப்பினால் போதும். நீங்கள் என்றைக்குப் பார்த்தீர்கள் என்பது உங்கள் பாடு. அனுப்பாவிட்டால் சலான் ரத்து என்று அந்த விதியில் ஒரு வரி காட்டுங்க பார்க்கலாம். எஸ்.எம்.எஸ். போவது ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிற நம்பருக்கு. செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கி, பழைய ஓனர் நம்பரை மாற்றாமலே ஓட்டுகிறவர்கள்தான் "எனக்கு வரவே இல்லை" என்று முதலில் கத்துகிறவர்கள்.

பொள்ளாச்சி_புல்லட்:
வந்துட்டாருய்யா கேரள அரசின் தமிழ்நாட்டுத் தூதர்! உங்க ஊர் கே.எல். கார்கள் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினதும் விமானம் மாதிரி பறக்குதே, அதை எந்தக் கேமரா பிடிக்குது? பொள்ளாச்சி சந்தைநாளில் வந்து பாருங்க.

கொழிஞ்சாம்பாறை_தமிழன்:
புல்லட் தம்பி, நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலேயே பிறந்து வளர்ந்த தமிழன், தூதர் வேலையெல்லாம் கிடையாது. எங்கள் பக்கம் சட்டம் எழுதியே வைத்திருக்கிறார்கள். 2023 ஜூலை 1 முதல் காருக்கு ஆறுவழி தேசிய நெடுஞ்சாலையில் 110, நாலுவழியில் 100, நகரத்துக்குள் 50. டூவீலருக்கு எங்கே ஓட்டினாலும் 60க்கு மேல் கிடையாது, முன்னால் 70 இருந்ததைக் குறைத்துவிட்டார்கள். உங்கள் புல்லட் 60இல் ஓடுமா, இல்லை சத்தம் மட்டும்தானா?

விதி_167ஏ:
வேகத்தைப் பற்றி யார் கேட்டது? 15 நாளுக்குப் பதில் சொல்லுங்க. விதியில் ஒரு கெடு போட்டிருந்தால் அது எதற்கு? அழகுக்கா? நாம் வரி கட்ட ஒரு நாள் தாமதமானால் அபராதம். அவர்கள் மாதக்கணக்கில் தூங்கிவிட்டு அனுப்பினால் அது மட்டும் செல்லுமா?

டோல்கேட்_பழனி:
ஒரு சின்ன விஷயம். எல்லாரும் ஏஐ கேமரா, ஸ்பீடு கேமரா எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்புகிறீர்கள். 2023 ஜூன் 5 முதல் கேரளாவில் அபராதம் போட ஆரம்பித்த 726 கேமராவில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட், போன் பேசுவது மாதிரி சங்கதிகளைப் பார்ப்பது. 25 பார்க்கிங்குக்கு. 18 சிக்னல் மீறலுக்கு. வேகத்துக்கு வெறும் 8, அதிலும் 4 வண்டியில் வைத்துச் சுற்றுவது. இது போக ரோட்டோரம் நின்று வேகம் பிடிக்கிற இன்டர்செப்டர் வண்டிகள் தனி. எந்தச் சலான் என்று சொல்லாமலே சண்டை போடுகிறோம்.

விதி_167ஏ:
எந்தக் கேமராவாக இருந்தாலும் 15 நாள்தான் பழனி. குட்டையைக் குழப்பாதீங்க.

மஞ்சள்போர்டு_கோவை:
நான் தினமும் அந்த ரோட்டில் ஓட்டுகிறவன், எனக்கு அரசிதழ் வேண்டாம். நடப்பைச் சொல்கிறேன். நெடும்பாசேரிக்குச் சவாரி. பயணி வீட்டிலிருந்து இறங்கவே அரை மணி தாமதம். வண்டியில் ஏறினதும் "அண்ணா, பிளைட் போயிரும், கொஞ்சம் அழுத்துங்க" என்பார். வாளையாறு தாண்டி ரோடு வழவழவென்று கிடக்கும், கால் தானாக இறங்கிவிடும். எதிர்ப்பக்கம் வருகிற லாரிக்காரர் ரெண்டு தரம் லைட் அடித்தால் முன்னால் ஆள் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அடிக்காவிட்டால் தொலைந்தோம். கஞ்சிக்கோடு பக்கம் ஓரமாக மர நிழலில் வெள்ளை ஜீப், பின்கதவு பாதி திறந்திருக்கும், உள்ளே முக்காலியில் மிஷின். நாம் பிரேக்கை மிதிக்கும்போது போட்டோ எடுத்தே முடிந்திருக்கும். சலானைத் திறந்தால் நம்பர் பிளேட், வேகம், நேரம், இடம் எல்லாம் பளிச்சென்று இருக்கும். காருக்கு 1,500 ரூபாய். அந்தப் பயணி அதில் ஒத்தை ரூபாய் தருவாரா? சலான் போவதோ ஓனர் பேருக்கு. ஓனர் டிரைவர் பேட்டாவில் பிடிப்பார். இங்கே 15 நாள் பேசுகிறவருக்கு அந்தப் பேட்டா எவ்வளவு என்றாவது தெரியுமா?

விதி_167ஏ:
அண்ணா, உருக்கமாகப் பேசினால் சட்டம் மாறிவிடாது. மர நிழலில் மறைந்து நின்று பிடித்தார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எச்சரிக்கைப் பலகை இருந்ததா? இல்லை. அப்போது அந்தச் சலானே தப்பு. அதையும் கட்டுங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்கிறீர்கள். போன வருஷம் பாஸ்டேக் சண்டையிலும் நீங்கள் இப்படித்தான், டோல்காரன் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று பேசினீர்கள். அன்றைக்கும் விதியை எடுத்துப் போட்டவன் நான்தான். அதை யாரும் மறந்துவிட வேண்டாம்.

மஞ்சள்போர்டு_கோவை:
பாஸ்டேக்கில் நீங்கள் விதி பேசினீர்கள், டபுள் சார்ஜ் கட்டியது நான். அதையும் யாரும் மறக்க வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை_தமிழன்:
விதி சார், சரி, உங்கள் 15 நாளையே வைத்துக்கொள்வோம். அதை யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? இ-சலான் தளத்தில் புகார் போடலாம், பதில் வரும்போது வரட்டும். விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போய்விட்டால் ஒன்று கட்டணும், இல்லை வழக்காடுகிறேன் என்று சொல்லணும். வழக்காடுகிறேன் என்றால் அந்தப் பகுதி நீதிமன்றத்துக்கே மாறும். பாலக்காட்டுக்கு வக்கீல் வைத்து, வேலையை விட்டு, வாய்தா வாய்தாவாக வந்துபோக 1,500 ரூபாயில் முடியுமா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

விதி_167ஏ:
அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாரையும் கட்ட வைக்கிறார்கள்! உரிமையை விலை போட்டுப் பார்க்கிறவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது. 15 நாள். திரும்பவும் சொல்கிறேன், 15 நாள். இது வரை ஒருத்தராவது அந்த எண்ணை மறுத்தீர்களா? இல்லை. அப்போது ஒத்துக்கொண்டீர்கள் என்றுதானே அர்த்தம்?

கொழிஞ்சாம்பாறை_தமிழன்:
எண்ணை யாரும் மறுக்கவில்லை சார். தாண்டினால் ரத்து என்று நீங்களாகச் சேர்த்துக்கொண்டதைத்தான் கேட்கிறோம். மூன்றாவது தடவை கேட்கிறேன், எந்த வரி?

விதி_167ஏ:
சட்டம் தெரிந்தவனுக்கு அது புரியும்.

செங்கோட்டை_சித்தப்பா:
நமக்கு ஆரியங்காவு வழிதான் பழக்கம். சபரிமலை சீசனில் மாலை போட்டவர்கள் வண்டிக்குள் சரணம் போட்டுக்கொண்டு வளைவிலும் அழுத்துவார்கள். இந்த விஷயத்தில் திருப்பதியைப் பார்த்துக் கத்துக்கணும். மலைப்பாதையில் நேரம் குறித்துச் சீட்டு தருவார்கள், குறித்த நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் மாட்டினீர்கள். நோட்டீஸும் கிடையாது, 15 நாளும் கிடையாது. சுலபமான ஏற்பாடு.

பொள்ளாச்சி_புல்லட்:
சித்தப்பா, திருப்பதிக்குப் போறவன் முன்கூட்டிப் போய்ச் சேர்ந்தாலும் வரிசையில்தானே நிற்கணும், அவசரம் எதுக்கு?

டோல்கேட்_பழனி:
இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "உங்கள் வண்டிக்குச் சலான் வந்துள்ளது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு, அதாவது போனில் செயலியை ஏற்றுகிற கோப்பு, சுற்றுகிறது. தொட்டால் போன் அவர்கள் கைக்குப் போய்விடும், வங்கிக் கணக்கு காலி. சலான் பார்ப்பதென்றால் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பர் போட்டுப் பாருங்க. முகவரி கவ்.இன் (gov.in) என்று முடிகிறதா என்று ஒரு தரம் கவனியுங்க.

பொள்ளாச்சி_புல்லட்:
அந்த ஏ.பி.கே. 15 நாளைக்குள் வந்தால் செல்லுமா விதி சார்? 😂

விதி_167ஏ:
கிண்டல் பண்ணுங்க. நாளைக்கு உங்களுக்கு வரும்போது என்னிடம்தான் ஓடி வருவீர்கள். ஏற்கெனவே தனிச்செய்தியில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று வெளியே சொன்னால் இங்கே சில பேருக்கு முகம் வெளுத்துவிடும்.

பொள்ளாச்சி_புல்லட்:
ஐயோ, நான் கேட்டதைச் சொல்லிடாதீங்க. அதிருக்கட்டும், கொழிஞ்சாம்பாறைக்காரரே, எங்க வண்டி ஒரு கிலோமீட்டர் கூடப் போனா போட்டோ. ராத்திரியில் உங்க பக்கமிருந்து குப்பை லாரி வந்து எங்க தோப்பு ஓரமாக் கொட்டிட்டுப் போகுதே, அதுக்கு ஒரு ஏஐ கேமரா வைக்கக் கூடாதா?

கொழிஞ்சாம்பாறை_தமிழன்:
தப்புதான், பிடித்துக் கொடுங்க, யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்தக் கதைக்குப் போனால் நானும் ஆழியாற்றுத் தண்ணீருக்கு வருவேன். ஒப்பந்தப்படி மணக்கடவில் எங்களுக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. வரணும். சித்தூர்ப் பக்கம் நெல் காயும்போது நீங்கள் தென்னைக்குப் பாய்ச்சிக்கொண்டிருப்பீர்கள்.

பொள்ளாச்சி_புல்லட்:
மழையே இல்லாத வருஷம் எங்க தென்னையே மட்டை தொங்கி நிற்குது, உங்களுக்கு எங்கிருந்து விடறது? வாயில எச்சில் இல்லீங்.

விதி_167ஏ:
தண்ணீரைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்க, இது சலான் விவாதம். நான் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது. மஞ்சள்போர்டு அண்ணா, உங்கள் எட்டியோஸ்காரர் கதையில் சலான் தேதி என்ன, எஸ்.எம்.எஸ். வந்த தேதி என்ன? ரெண்டு தேதியையும் போடுங்க. 15க்குள் இருந்தால் பார்ப்போம். தாண்டியிருந்தால் அவர் கட்டியிருக்கவே கூடாது, அட்வான்ஸ் போனதும் அவர் பயந்ததால்தான்.

மஞ்சள்போர்டு_கோவை:
அவர் இன்னும் கட்டவே இல்லைங்க. உங்களை மாதிரி ஒருத்தர் கட்டாதே என்று சொன்னதால் வந்த வினை அது. இதைத்தான் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன், படிக்காமல் பேசுகிறீர்கள். இன்னொன்றும் கேளுங்க. மோட்டார் வாகனச் சட்டம் 183 என்ன சொல்லுது? ஓவர் ஸ்பீடில் ரெண்டாவது தடவை மாட்டினால் லைசென்ஸையே பிடித்து வைக்கலாம். கார் வைத்து ஞாயிற்றுக்கிழமை குருவாயூர் போகிறவர்களுக்கு அது விளையாட்டு. எங்களுக்கு அடுப்பு எரியணும்.

விதி_167ஏ:
தேதி கேட்டால் அடுப்பைக் காட்டுகிறீர்கள். தேதி இல்லாத கதை வெறும் கதை.

கொழிஞ்சாம்பாறை_தமிழன்:
வரி இல்லாத சட்டம் மட்டும் சட்டமா?

விதி_167ஏ:
நான் உங்களிடம் பேசவில்லை.

செங்கோட்டை_சித்தப்பா:
நூறில் போகச் சொன்ன ரோட்டில் நூறில் போனால் இந்த விவாதமே தேவையில்லையே அப்பா.

பொள்ளாச்சி_புல்லட்:
சித்தப்பா, நீங்க சைக்கிள்தானே ஓட்டறீங்க?

மஞ்சள்போர்டு_கோவை:
எர்ணாகுளத்துக்குச் சவாரி வந்திருக்கு, கிளம்புறேன். விதி சாருக்குத் தேதிதான் வேணும்னா வாளையாறு வரைக்கும் முன்சீட்டில் உட்கார்ந்து வரட்டும், பேசிக்கிட்டே போலாம். சலான் விழுந்தா பாதிக்குப் பாதி.

விதி_167ஏ:
ஓடுகிறார் பாருங்க. வரேன் அண்ணா, ஆனால் பாதி எல்லாம் தர மாட்டேன். 15 நாள் தாண்டித்தான் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்க.