பீரோவில் தூங்கும் 200டி-யை மறுபடி கையில் எடுக்க: வேலை, வீடு, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே எப்படி?

மாடித்தோட்டம்:

வணக்கம். கேனான் 200டி கேமராவும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் இரண்டு வருஷமாக பீரோவில் துணிகளுக்கு நடுவே இருக்கின்றன. பெரியவளுக்கு ஆறு வயசு, சின்னவனுக்கு ரெண்டு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். காலை 6 முதல் 8 வரை சமையல்கட்டும் ஸ்கூல் வேனும், ராத்திரி 9 மணிக்கு மேல்தான் கை ஓயும். கேமராவைத் தூக்கிக்கொண்டு தனியாக வெளியே போக வழியே இல்லை. வீட்டுக்குள், பிள்ளைகளை வைத்தே நல்ல படம் எடுக்கப் பழக ஆசை.

வீடு சென்னையில். ஹால் 10க்கு 14 அடி, கிழக்குப் பார்த்த பால்கனி. ராத்திரி ட்யூப்லைட்டில் எடுத்தால் பாதிப் படம் ஆடிப்போகிறது. மீதியில் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வருகிறது. 50 மிமீ லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா? பழைய படங்கள் 4000க்கு மேல் கார்டிலேயே கிடக்கின்றன. அடுத்த மாசம் பெரியவளுக்கு ஸ்கூல் ஆண்டு விழா வேறு. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஈரக்காற்று:

சகோதரி, லென்ஸ் வாங்குவது அப்புறம். முதலில் இருக்கிற லென்ஸைப் பாருங்கள். சென்னைக் காற்றில் இரண்டு வருஷம் துணிக்கு நடுவே இருந்திருக்கிறது என்றால் பூஞ்சை வந்திருக்க வாய்ப்பு அதிகம். கேமராவிலிருந்து கழற்றி, இரண்டு பக்க மூடியையும் எடுத்துவிட்டு, இருட்டறையில் பின்பக்கமிருந்து சாய்வாக டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி தனித்தனிப் புள்ளியாகத் தெரியும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சிலந்தி நூல் மாதிரி கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் லேசாக இருந்தால் படத்தில் தெரியாது, ஆனால் வளராமல் நிறுத்தியாக வேண்டும். நடுவில் படர்ந்திருந்தால் எதிர்வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போகும். கிட் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலிக்குக் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் பழைய மார்க்கெட்டில் இன்னொன்றே கிடைத்துவிடும்.

அடுத்து சென்சார், அதாவது கேமராவுக்குள் படம் விழும் சில்லு. எஃப் 16 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் கூடினால் திறப்பு சுருங்கும்) வைத்து, வெறும் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் கலைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான சாம்பல் புள்ளிகள் இருந்தால் சென்சாரில் தூசி. மெனுவில் சென்சார் கிளீனிங் ஓட்டியும் போகாவிட்டால் கையால் அமுக்கும் ரப்பர் புளோயர் போதும். வாயால் ஊதவே கூடாது, எச்சில் துளி ஒட்டிக்கொள்ளும்.

இனி பீரோ வேண்டாம். லெதர் உறையும் வேண்டாம், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ரப்பர் விளிம்போடு இறுக மூடும் 15 அல்லது 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி. ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் இருந்தால் பூஞ்சை வளரும். 30-க்குக் கீழே போவதும் ரப்பருக்கும் கிரீஸுக்கும் நல்லதல்ல. நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, ரெண்டு வயசுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது, ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்குங்கள். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழையபடி ஆகிவிடும். சமைக்கும் பாத்திரத்தில் மட்டும் போடாதீர்கள்.

இன்னொன்று: கேமராவில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா பாருங்கள். நாளைக்குப் படங்களைப் பிரிக்கும்போது அதுதான் உதவும்.

ஒற்றைலென்ஸ்:

50 மிமீ பற்றி. லென்ஸ் நல்ல லென்ஸ்தான், உங்கள் ஹாலுக்குத்தான் அது நீளம், மிமீ எண் கூடக்கூட படத்தில் அடங்கும் இடம் குறையும். 200டி-யின் சென்சார் 22.3 மிமீ அகலம். 50 மிமீ லென்ஸோடு 2 மீட்டர் தள்ளி நின்றால் படத்தின் நீளப்பக்கத்தில் 90 செ.மீ.தான் அடங்கும். மூன்றரை அடிப் பெண் பிள்ளையை உச்சந்தலை முதல் பாதம் வரை கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 3 மீட்டர், அதாவது பத்தடி வேண்டும். உங்கள் முதுகு சுவரில் முட்டும். அதே இடத்தில் 24 மிமீ என்றால் ஐந்தடி போதும், பிள்ளையோடு வீடும் கொஞ்சம் படத்துக்குள் வரும். பத்து வருஷம் கழித்துப் பார்க்கும்போது அந்தப் பழைய ஸ்கூல் பையும் சுவர்க் கிறுக்கலும்தான் முகத்தைவிட அதிகம் பேசும்.

ஆனால் வெளிச்சக் கணக்கு வேறு. உங்கள் கிட் லென்ஸ் 50-க்குப் பக்கத்தில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 50 மிமீ எஃப் 1.8 அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். 24 மிமீ எஃப் 2.8-இல் லாபம் அவ்வளவு இல்லை, இரண்டு மடங்கு சொச்சம்தான். எனவே காசு போடுவதற்கு முன் ஒரு சோதனை: கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 24-இல் வைத்து இன்சுலேஷன் டேப் ஒட்டி ஒரு வாரம் எடுங்கள். அடுத்த வாரம் 50-இல் ஒட்டுங்கள். எந்த வாரத்தில் கை அதிகம் போகிறதோ அதை வாங்குங்கள். ஹாலில்தான் பெரும்பாலும் எடுப்பீர்கள் என்றால் என் ஓட்டு 24-க்கு.

50 வாங்கினால் எஃப் 1.8-இலேயே வைத்து எடுக்காதீர்கள். ஒன்றரை மீட்டரில் தெளிவாக நிற்கும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும். எஃப் 2.8 வைத்தால் 9 செ.மீ.க்கு மேல் கிடைக்கும்.

படம் ஆடுவது கை நடுங்குவதால் அல்ல, பிள்ளை அசைவதால். லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் அதற்கு ஒன்றும் செய்யாது. எம் மோடு (ஷட்டர் வேகம், எஃப் எண் இரண்டையும் நீங்களே வைப்பது), ஆட்டோ ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைப்பது), உச்சவரம்பு 6400. ஓடுகிற பிள்ளைக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி, உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு 1/125. 6400-இல் குருணை (மணல் தூவிய மாதிரிப் புள்ளிகள்) தெரியும், பரவாயில்லை. குருணை உள்ள படத்தை பிரின்ட் போடலாம், ஆடிப்போன முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஒன்று வெளிச்சம், ஒன்று மங்கல் என்றீர்களே, அது விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். 1/250-இல் எடுத்தால் ஒரு படம் ஏற்றத்தில் விழும், அடுத்தது இறக்கத்தில். இந்தக் கேமராவில் ஷட்டர் ஒரே நேரத்தில் முழுசாகத் திறந்திருப்பது 1/200 வரைதான். அதற்கு மேல் போனால் ஒரே படத்திலேயே பட்டை விழலாம். 1/100 வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முழுத் துடிப்பு கிடைக்கும், எல்லாம் ஒரே மாதிரி வரும். ஆக, ராத்திரி ஓட்டத்தைத் துரத்தாமல் சாப்பாடு, வீட்டுப்பாடம், கதை கேட்கும் நேரம் என்று அசைவு குறைந்த பொழுதை 1/100-இல் எடுங்கள்.

ஃபோகஸுக்கு: வியூஃபைண்டரில் ஒன்பது புள்ளி, நம்பகமானது நடுப்புள்ளிதான். சின்னவனுக்கு லைவ் வியூ (பின்திரையில் பார்த்து எடுப்பது) வையுங்கள். திரையை வெளியே திருப்பி, கேமராவைத் தரையோடு தாழ்த்தி, திரையில் அவன் முகத்தைத் தொட்டால் விடாமல் பின்தொடரும். ரெண்டு வயசுக்காரனை நின்றபடி எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குச்சியாகவும் வரும். அவன் கண்மட்டத்துக்கு இறங்கினாலே பாதி வேலை முடிந்தது.

போன்கேமரா:

200டி-யைக் குறை சொல்லவில்லை. ஆனால் நேரமே இல்லாதவருக்கு போன்தான் முதல் கேமரா என்பது என் கருத்து. லென்ஸைத் துடையுங்கள், சமையல்கட்டில் புழங்கும் போனில் எண்ணெய்ப் படலம் இருக்கும், விளக்குகள் சிதறித் தெரிவது அதனால்தான். முகத்தின் மேல் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். இரண்டு விரலால் ஜூம் இழுக்காமல் ஓரடி கிட்டே போங்கள். போர்ட்ரெய்ட் மோடில் சுருட்டை முடி ஓரம் வெட்டுப்பட்ட மாதிரி வரும், அதை அணைத்துவிடுங்கள்.

ஒற்றைலென்ஸ்:

பகலில் ஒத்துக்கொள்கிறேன். ராத்திரியில் போன் பல ஃப்ரேம்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. அசையும் பிள்ளையின் கை அந்த அடுக்கில் குழைந்துவிடும். அங்கே பெரிய சென்சார்தான் கைகொடுக்கும்.

மாடித்தோட்டம்:

நன்றி அண்ணா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. டேப் யோசனையை இந்த வாரமே செய்கிறேன். பால்கனி கிழக்குப் பார்த்ததால் காலையில் மட்டும்தான் உபயோகப்படும் என்று நினைத்திருந்தேன். சனி, ஞாயிறு மத்தியானம்தான் எனக்கு ஓய்வு. ஃபிளாஷ் வாங்கினால் தீருமா?

வெயில்நிழல்:

மத்தியானம்தான் உங்கள் பால்கனிக்கு நல்ல நேரம் அக்கா! கிழக்குப் பால்கனியில் காலை 9 வரை நேர் வெயில் அடிக்கும், கண் சுருங்கும், நிழல் கறுக்கும். சூரியன் உச்சி தாண்டிய பிறகு அங்கே நேர் வெயிலே வராது, திறந்த வானத்தின் ஒளி மட்டும்தான். அதைவிட மென்மையான வெளிச்சத்தைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. பிள்ளையை பால்கனிக் கதவுக்கு உள்பக்கம் மூன்று நான்கு அடியில் உட்கார வையுங்கள். ஹால் ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முகத்தில் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம். இருட்டான பக்கத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையை இரண்டடி தள்ளிச் சாய்த்து வைத்தால் அந்தக் கன்னத்தின் கறுப்பு குறையும்.

காலை நேர் வெயிலுக்கும் ஒரு பயன் உண்டு. 6.45 வாக்கில் தரையோடு சாய்ந்து வரும் வெளிச்சத்தில் கோலம் எடுங்கள், மாவு இழை புடைத்து நிற்கும். தரை ஈரமாகக் கறுத்திருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி வெள்ளையை எரித்துவிடும். ஏவி மோடில் (எஃப் எண்ணை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா வைப்பது) வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்து வையுங்கள். மேலிருந்து எடுக்க ஸ்டூலில் ஏறினால் உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே போனால் உச்சி வெயிலில் ஆளை எடுக்காதீர்கள். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் தலைக்கு மேலே வருகிறது, கண்குழி இரண்டும் கறுத்துவிடும். மெரினா என்றால் மாலை 5 மணிக்கு மேல். கடலுக்கு முதுகு காட்டி பிள்ளையை நிறுத்தினால் நகரத்துப் பக்கமிருந்து வரும் சாய்வெயில் முகத்தில் விழும், பின்னால் கடல் நீலமாக நிற்கும்.

ஃபிளாஷ் வாங்குவதானால் தலை திரும்பும் வகையாக வாங்கி, கூரையில் அடித்துத் திருப்புங்கள். பத்தடிக் கூரைக்கு 1/160, எஃப் 4, ஐஎஸ்ஓ 800-இல் ஆரம்பிக்கலாம். கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சை, ரோஸ் பெயின்ட் அடித்த சுவரில் பட்டால் அந்த நிறம் அப்படியே முகத்தில் ஏறும்.

கார்டுகாலி:

நேரமில்லாதவர்கள் இந்தப் பொழுதுபோக்கை விடுவது எடுக்க முடியாமல் இல்லை, எடுத்ததைப் பிரிக்க முடியாமல்தான். உங்கள் 4000 படங்களும் அந்த வகை. இப்போதே ஒவ்வொன்றாகப் பார்க்க உட்காராதீர்கள். இன்று ராத்திரி மொத்தத்தையும் கணினிக்கும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்குக்கும் அப்படியே நகலெடுங்கள், இரண்டிலும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா, சில படம் திறக்கிறதா பாருங்கள், பிறகு கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். பழையது மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வருவதற்கு வாரம் ஒருமுறை 15 நிமிடம். '2025-07-13' என்பது போல வருஷம் முதலில் வரும்படி ஃபோல்டர் பெயர், வரிசை தானாக நிற்கும். முதல் சுற்றில் கண் மூடியது, ஆடியது, இரட்டிப்பு மூன்றையும் தள்ளுவது மட்டும். எது அழகு என்று யோசிக்காதீர்கள், அங்கேதான் நேரம் போகும். இரண்டாம் சுற்றில் மூன்றே படத்துக்கு நட்சத்திரம். டிஜிகாம் என்ற படம் பிரிக்கும் மென்பொருள் இலவசம், இதற்குப் போதும். ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) ஒன்று ஏறக்குறைய 30 எம்பி. வாரம் 100 படம் என்றால் வருஷத்துக்கு 150 ஜிபி தாண்டும், தள்ளியதை உடனே அழிப்பது அதனால்தான். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் முதல் வரம்பில்லா இலவசம் இல்லை, 15 ஜிபிதான், அதுவும் மெயிலோடு சேர்த்து. நட்சத்திரப் படங்களை மட்டும் அங்கே ஏற்றுங்கள். ஹார்ட் டிஸ்கின் இன்னொரு நகல் அம்மா வீட்டில் இருக்கட்டும். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு நகலும் ஒரே மழைவெள்ளத்தில் போகும்.

பிரின்ட்: 4க்கு 6 அங்குலம் உங்கள் கேமராவின் அளவு விகிதமேதான், எதுவும் வெட்டுப்படாது. 8க்கு 10 கேட்டால் நீளத்தில் இரண்டு அங்குலத்துக்கான பகுதி போய்விடும், ஓரத்தில் நிற்கும் தாத்தாவின் தோள் போகலாம். 8க்கு 12 கேளுங்கள். ஊருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

வெயில்நிழல்:

ஆண்டு விழாவை எல்லாரும் விட்டுவிட்டோம். அக்கா, பின் திரை கறுப்பு, ஸ்பாட் விளக்கு முகத்தில். ஆட்டோவில் விட்டால் கேமரா கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டி முகத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். எம் மோடு, ரா, 1/250, எஃப் 5.6, ஐஎஸ்ஓ-வை நீங்களே 3200 வையுங்கள். உங்கள் பெண்ணுக்கு முந்தைய குழு ஆடும்போதே ஒரு படம் எடுத்து, பெரிதாக்கி, முகத்தை மட்டும் பாருங்கள். வெளுத்திருந்தால் 1600, இருண்டிருந்தால் 6400. முழுச் சிவப்பு, முழு நீல விளக்கில் எடுத்த முகத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, வெள்ளை விளக்கு வரும்வரை பொறுங்கள். பரதம் என்றால் தீர்மானம் (வேகமான அடவுக் கோர்வை) முடிந்து அறுதியில், அதாவது அதன் முடிப்பில், ஒரு கணம் அப்படியே நிற்பார்கள், விரல் அதற்குத் தயாராக இருக்கட்டும். கேமராவின் குட்டி ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், முன்வரிசைத் தலைகளையும் எரித்து, மேடை வண்ணத்தையும் கெடுக்கும். பீப் சத்தத்தையும் அணையுங்கள். 18-55 என்றால் முதல் மூன்று வரிசைக்குள் ஓர நாற்காலி வேண்டும், நடுவில் உட்கார்ந்தால் தூக்கிப் பிடித்த போன்கள்தான் படத்தில் வரும். பின்வரிசைதான் கிடைக்கும் என்றால் 55-250 லென்ஸை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள், முந்தின நாள் மாலையே வாங்கி பால்கனியில் பழகிப் பார்த்துவிடுங்கள்.