1951 இசைத்தட்டுக்கு உரிமைப் புகார்: மேல்முறையீடு செய்யலாமா?

என் தாத்தா தவில் வாசித்த நாகஸ்வர இசைத்தட்டு ஒன்றைக் கணினியில் பதிவு செய்து, எல்லோரும் கேட்கட்டும் என்று ஒரு காணொளித் தளத்தில் இலவசமாக ஏற்றினேன். அதன்மேல் ஓர் இசை நிறுவனம் உரிமை கோரியிருக்கிறது.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய வகைத் தட்டு, 1951 வெளியீடு. அந்த ஆண்டு விலைப்பட்டியல் கைவசம் உள்ளது. வாசித்திருப்பது தியாகராஜர் கீர்த்தனை. அவர் மறைந்தது 1847இல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 27ஆம் பிரிவின்படி ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுகள். ஆகவே 2011 முடிவோடு உரிமை தீர்ந்துவிட்டது.

தட்டின் லேபிள் படத்தோடு ஆட்சேபம் தெரிவித்தேன், நிராகரித்துவிட்டார்கள். நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அவர்கள் பின்னாளில் வெளியிட்ட குறுந்தகட்டில் இரைச்சலை நீக்கியிருக்கிறார்கள். என் பதிவில் பல்லவி தொடங்கும் இடத்தில் கீறலின் ‘டக் டக்’ தெளிவாகக் கேட்கும். ஆனால் ஒலிகளைத் தானாக ஒப்பிடும் தளத்தின் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். புதுப்படப் பாடலைத் திருடிப் பரப்புவதும், காலாவதியான தட்டைக் காப்பாற்றுவதும் ஒன்றா? எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

சிக்கல், தளம் அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்கே 2018இல் வந்த சட்டப்படி 1947 முதல் 1956 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 110 ஆண்டுப் பாதுகாப்பு. மேல்முறையீட்டிலும் தோற்றால் கணக்கின்மேல் நடவடிக்கை வரும். மற்றத் தட்டுகளும் அதில்தான் இருக்கின்றன.

இந்தியச் சட்டத்தை மட்டும் காட்டி இப்படி ஒரு மேல்முறையீட்டில் வென்றவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?