லேமினேட் தரையும் 24 மணி நேரத் தண்ணியும்

ஆசாரிமகன்:
முடிச்சூர்மணி தம்பி மாடி பெட்ரூமுல பழைய மொசைக்குக்கு மேல மரத்தரை போடவா, லேமினேட் போடவான்னு நேத்து கேட்டிருந்தார். அதுக்கு வில்லாவேந்தன் அண்ணாச்சி அருளின பதில்: "கண்ணை மூடிக்கிட்டு லேமினேட் போடுங்க. 24 மணி நேரம் தண்ணி நின்னாலும் ஒண்ணும் ஆகாது. மரமெல்லாம் பணக்காரன் வீட்டு வீம்பு." படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. எங்கப்பா காலம் பூரா உளி பிடிச்ச கை. லேமினேட்னா என்னவாம்? மரத்தை நார் நாராக்கிப் பசை போட்டு அழுத்தின பலகை, மேல மர ரேகை அச்சடிச்ச காகிதம், அதுக்கு மேல பிசின் பூச்சு. இடுக்குல தண்ணி இறங்கினா ரவை மாதிரி உப்பும், காஞ்சாலும் அடங்காது. 24 மணி நேரமாம்!

வில்லாவேந்தன்:
காலை வணக்கம். நான் கதை விடல, டப்பாவிலேயே போட்டிருக்கு. அந்தக் 'காகிதத்துக்கு' மேல அலுமினியம் ஆக்சைடு கலந்த பூச்சு இருக்கு. நாய் நகத்துக்கெல்லாம் அசையாது. உங்க தேக்குல நாற்காலியை இழுத்தாலே கோடு விழும். 1970-கள்ல சுவீடன்காரன் கண்டுபிடிச்சு உலகமே போட்டுக்கிட்டிருக்கிற சரக்கு இது. நீங்க உளியோடயே இருங்க.

ஆசாரிமகன்:
சுவீடன்ல ஐப்பசி மழைக்கு பால்கனிக் கதவுக்கு அடியில சாரல் வருமா? அங்க ஸ்பிளிட் ஏசி பைப் அடைச்சுக்கிட்டு சுவத்தோட தண்ணி வழியுமா? சுவரோரம் 8லேர்ந்து 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தானே பலகையை மாட்டுறாங்க. ஸ்கர்ட்டிங்னு சுவரடியில ஒட்டுற பட்டை அதை மூடியிருக்கும், அவ்வளவுதான். வழியிற தண்ணி நேரா அங்க இறங்கி, அடியில விரிச்ச ஃபோம் ஷீட்டுல தேங்கும். மேல துடைச்சா உங்களுக்குப் பளபளன்னு இருக்கும். ரெண்டு வாரம் கழிச்சுப் பாருங்க, ஜாயின்ட் எல்லாம் உதடு பிதுங்கின மாதிரி தூக்கி நிக்கும். இதுக்கு உங்க டப்பா என்ன சொல்லுது?

வில்லாவேந்தன்:
டப்பா சொல்றது மேல சிந்துற தண்ணிக்கு, அதுவும் பலகையோட பலகை கோக்குற கிளிக் லாக்கைச் சரியா மாட்டியிருந்தா. அடியில போறதுக்கு ஏசி மெக்கானிக்கைக் கேளுங்க.

ஆசாரிமகன்:
ஓஹோ! நேத்து 'மேல சிந்துற'ன்னு போட்டீங்களா? "24 மணி நேரம் தண்ணி நின்னாலும்." இதுதான் போட்டீங்க. படம் பிடிச்சு வச்சிருக்கேன்.

முடிச்சூர்மணி:
அண்ணே, சண்டை வேணாம். கடைக்காரர் 8 மி.மீ. வேணாம், 12 மி.மீ.தான் கெட்டின்னு சொல்றார். அப்படியா?

வில்லாவேந்தன்:
தம்பி, தடிமன் காலுக்குத் திண்ணுன்னு இருக்கவும் சத்தம் குறையவும்தான். மேல்பரப்பு தேயாம இருக்க ஏசி ரேட்டிங், அதான் தேய்மானத் தர எண், பாருங்க. வீட்டுக்கு ஏசி3 தாராளம், ஏசி4 ஆபீசுக்கே தாங்கும்.

முடிச்சூர்மணி:
எங்க ரூம்ல ஏசி ஒண்ணுதாண்ணே இருக்கு.

கோவைசெல்வி:
நான் ஒண்ணு கேக்கட்டுங்களா? உங்க ரெண்டு பேருல யாராவது உங்க ஊட்டுத் தரையைத் துடைச்சிருக்கீங்களா? எங்க ஊட்டுக்கு வர்ற அக்கா மாப்பை முக்கி எடுத்து, பிழியாம, சொட்டச் சொட்ட இழுத்துட்டுப் போவாங்க. எத்தனை தடவை சொன்னாலும் "தண்ணி இல்லாம எப்படிங்க சுத்தமாகும்"னுதான் பதில். உங்க 24 மணி நேரத்தை அவங்ககிட்ட சொல்லுங்க பார்ப்போம். தினமும் தண்ணி பட்டா மரத்துக்கு மட்டும் நல்லதா என்ன?

ஆசாரிமகன்:
அம்மா, மரமும் தண்ணி குடிச்சா கொஞ்சம் வளையும், இல்லைங்கல. காயவிட்டு, இழைச்சு, பாலிஷ் போட்டா புதுசாயிடும். 18 மி.மீ. கெட்டி மரத்தை வாழ்நாள்ல பல தடவை தேய்க்கலாம். லேமினேட்டைத் தேச்சா காகிதம்தான் கையில வரும். பர்மா தேக்குன்னா தலைமுறைக்கும் கவலையில்ல.

காரைக்குடியான்:
பர்மா தேக்கா? எங்கய்யா கிடைக்குது? 2014-ல மியான்மர் ஏற்றுமதிக்குத் தடை போட்டாச்சு. இப்ப அந்தப் பேர்ல விக்கிறது பாதி எங்க ஊர்ப் பக்கம் வீடு இடிச்ச மரம், மீதி ஆப்பிரிக்காவுல நட்டு வளர்த்த தேக்கு.

ஆசாரிமகன்:
தடை உருண்டை மரத்துக்கு. அறுத்த பலகைக்கு இல்ல. அரைகுறையாப் படிச்சுட்டு வரக்கூடாது.

காரைக்குடியான்:
எங்க ஐயா வீட்டுத் தூணைப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க, யாரு அரைகுறைன்னு.

பெங்களூர்பாலா:
நண்பர்களே, எஸ்பிசி போட்டா பிரச்சினையே இல்ல. சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்த பலகை. தண்ணிக்கு உப்பாது, கரையானும் தொடாது.

ஆசாரிமகன்:
மரத்தைப் பத்திப் பேசுற இடத்துல பிளாஸ்டிக்கைக் கொண்டு வராதீங்க.

வில்லாவேந்தன்:
இதுல மட்டும் ஆசாரிமகன் பக்கம். நான் இந்த இழையிலிருந்து விலகுறேன். போன வருஷம் மொட்டைமாடி ஒழுகலைப் பத்தியும் இவர் இப்படித்தான் எல்லாரையும் ஓட வச்சார்.

ஆசாரிமகன்:
விலகுங்க. நான் நேத்து கடையில ஒரு சாம்பிள் துண்டு வாங்கி வாளித் தண்ணியில போட்டிருக்கேன். இன்னிக்குக் காலையில எடுத்த படம் கீழே. ஓரம் எல்லாம் பிதுங்கி, மேல் காகிதம் பிரிஞ்சு நிக்குது பாருங்க.

வில்லாவேந்தன்:
விலகினவனை இழுக்காதீங்க. ரம்பத்துல அறுத்த துண்டு, நாலு பக்கமும் பூச்சே இல்லாத பச்சை விளிம்பு, முழுசா முக்கி வச்சா உப்பாம என்ன பண்ணும்? உங்க வீட்டுத் தரையை வாளிக்குள்ளயா போட்டிருக்கீங்க? எந்தக் கம்பெனி, எத்தனை மி.மீ.ன்னு முதல்ல சொல்லுங்க.

ஆசாரிமகன்:
எந்தக் கம்பெனியா இருந்தா என்ன? சுவரோரப் பலகை அத்தனையும் அறுத்துத்தானே மாட்டுறான்? அந்தப் பச்சை விளிம்புதானே என் வாளியில இருக்கு?

கோவைசெல்வி:
தேக்குத் துண்டும் ஒண்ணு அதே வாளியில போட்டிருக்கலாமில்லைங்களா?

காரைக்குடியான்:
பர்மா தேக்கு கிடைச்சாத்தானே போடுவார்.

முடிச்சூர்மணி:
அண்ணே, சாயங்காலம் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கணும். எதைச் சொல்ல?

பெங்களூர்பாலா:
முடிச்சூரா? 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல படகு ஓடின ஏரியா ஆச்சே. அங்க எதைப் போட்டாலும் மிதக்கும்.

முடிச்சூர்மணி:
மாடின்னு முதல்லயே சொன்னேன் சார்.

வில்லாவேந்தன்:
லேமினேட்டுக்கே கொடுங்க தம்பி. ஓரத்துல தண்ணி இறங்காம சிலிகான் பசை அடிக்கச் சொல்லுங்க, பலகையைப் பிரிக்காம 48 மணி நேரம் அதே ரூம்ல வச்சிருந்து அப்புறம் மாட்டச் சொல்லுங்க.

ஆசாரிமகன்:
சிலிகானா! 24 மணி நேரம் தாங்குற சரக்குக்கு சிலிகான் எதுக்கு அண்ணாச்சி? "24 மணி நேரம் தண்ணி நின்னாலும் ஒண்ணும் ஆகாது"ன்னு எழுதினது நீங்கதானே? ஆமாவா, இல்லையா? ஒத்தை வார்த்தையில சொல்லுங்க. வாளி இன்னும் இங்கதான் இருக்கு. நாளைக்குத் தேக்கையும் போட்டுப் படம் போடுறேன், செல்விம்மாவுக்காக.