சிப்பாங்கில் பெடல் தரையைத் தொட்டுவிட்டது: 86-க்குப் பெரிய பிரேக் கிட் போடலாமா?

கிள்ளான்86:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 2013 டொயோட்டா 86, மேனுவல். இரண்டாம் கையாக வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இஞ்சினில் கை வைக்கவில்லை. பிரேக்கும் கம்பெனியிலிருந்து வந்ததுதான், முன்னால் 294 மில்லிமீட்டர் டிஸ்க், 17 அங்குல ரிம். டயரை மட்டும் நல்லதாக மாற்றினேன்.

போன சனிக்கிழமை சிப்பாங் பந்தயப் பாதையில் டிராக் டே, அவரவர் காடியை ஓட்டிப் பார்க்கிற நாள். ஐந்தாவது சுற்று, மெயின் நேர்பாதையின் கடைசியில் 190-ஐ ஒட்டிப் போய்க்கொண்டிருந்தேன். முதல் வளைவுக்குப் பிரேக்கை மிதித்தால் பெடல் பொதபொதவென்று உள்ளே போய்க் கால் தரையில் இடிக்கிறது. விட்டு விட்டு மூன்று முறை மிதித்த பிறகுதான் கொஞ்சம் பிடித்தது. அதற்குள் காடி பாதையை விட்டு இறங்கி சரளைக்குள் போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, காடியிலும் பெரிய அடி இல்லை. ஆனால் பக்கத்து இருக்கையில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு கடையில் 355 மில்லிமீட்டர் டிஸ்க்கும் அதைக் கவ்வும் ஆறு பிஸ்டன் கேலிப்பரும் முன் சக்கரங்களுக்கு மட்டும் 11,500 வெள்ளி என்கிறார்கள். அதற்கு 18 அங்குல ரிம்மும் வேண்டுமாம். காசு சேர்த்து வைத்திருக்கிறேன். போட்டுவிடலாமா?

பழைய_பட்டறை:
தம்பி, ஒன்று கேட்கிறேன். பெடல் உள்ளே போனதா, இல்லை கல் மாதிரி நின்றும் காடி நிற்காமல் போனதா? பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றினாய்? மூடியைத் திறந்து நிறம் பார்.

கிள்ளான்86:
உள்ளேதான் போனது அண்ணே. ஆறிய பிறகு பாதி திரும்பி வந்தது, இன்னும் பஞ்சு மாதிரி இருக்கிறது. எண்ணெய் நான் வாங்கியதிலிருந்து மாற்றவில்லை. இப்போது பார்த்தேன், கோப்பி நிறம்.

பழைய_பட்டறை:
அப்படியானால் கொதித்தது எண்ணெய். கிட்டுக்கு இப்போது காசு கட்டாதே.

190-லிருந்து 80-க்கு இறக்கும்போது உன் காடி, நீ, தம்பி, பெட்ரோல் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1,400 கிலோ. அந்த மூன்று நான்கு வினாடியில் பிரேக் விழுங்குகிற சூட்டில் ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். அதில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்கு. சிப்பாங்கில் ஒரு சுற்று ஐந்தரை கிலோமீட்டர், அதில் இரண்டு நீள நேர்பாதைகள் அடுத்தடுத்து வருகின்றன. பின் நேர்பாதை முடிந்து 15-ஆம் வளைவுக்கு அழுத்தி மிதித்த சூடு ஆறுவதற்குள் முதல் வளைவு வந்துவிடும். உன் பெடல் அங்கே போனதில் ஆச்சரியமே இல்லை.

டாட் 4 தரத்துப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அது ஈரத்தை இழுக்கும். நம் ஊர் புழுக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அந்த விதி கேட்பது 155 டிகிரி மட்டும்தான். கொதித்தால் கேலிப்பருக்குள் ஆவிக் குமிழ் வரும். எண்ணெயை அமுக்கினால் சுருங்காது, ஆவி சுருங்கும். உன் கால் அமுக்கியது அந்த ஆவியைத்தான். பெடல் கெட்டியாக நின்றும் காடி நிற்கவில்லை என்றால் அது டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட் சூட்டில் பிடிப்பை இழந்த கதை. அதற்கு வைத்தியம் வேறு.

இதையும் கேட்டுக்கொள். குளிர்ந்த பிரேக்கில் ஓங்கி மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பெடலில் துடிக்கிறதா? துடித்தால் சக்கரத்தைப் பூட்டுகிற பலம் உன் 294-க்கே இருக்கிறது என்று அர்த்தம். காடி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது அதற்குமேல் டயரின் கையில். பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் இடம். உனக்கு அந்த இடம் பற்றவில்லையா என்பது இன்னும் தெரியாது.

நான் செய்யச் சொல்வது இதுதான். பழைய எண்ணெய் முழுவதையும் வெளியேற்றி, 300 டிகிரிக்கு மேல் தாங்கும் பந்தய டாட் 4 ஊற்று. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 என்றால் 312 டிகிரி. நமக்கு வலதுகைக் காடி, அதனால் இடது பின் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து முன் வலதில் முடி. கேலிப்பரில் எண்ணெய் வெளியேறும் நிப்பிளில் மாட்டிய கண்ணாடிக் குழாயில் கோப்பி நிறம் போய் வெளிர் மஞ்சள் வரும், கண்ணால் பார்க்கலாம். அப்புறம் டிராக்குக்கு ஏற்ற பேட், ஸ்டீல் பின்னல் ஹோஸ். டிஸ்க் ஓரத்தில் வெப்பப் பெயின்ட் மூன்று பொட்டு வை: பச்சை 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560-இல், சிவப்பு 610-இல். ஓட்டிவிட்டு வந்து பார். சிவப்பு மாறியிருந்தால் நானே உன்னோடு கிட் வாங்க வருகிறேன்.

ஈப்போ_டர்போ:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் கிட் வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் 86-இல் இஞ்சின் பலத்தைக் கூட்டும் சூப்பர்சார்ஜர், பந்தயத்துக்கான செமி ஸ்லிக் டயர். எண்ணெய், பேட் எல்லாம் மாற்றியும் இரண்டு டிராக் டேயில் முன் டிஸ்க்குகளில் வெடிப்பு வந்தது. நான்கு பிஸ்டன், 330 டிஸ்க் போட்ட பிறகுதான் நிம்மதி. டிஸ்க்கின் நடுப்பாகம் அலுமினியம் என்பதால் எடையும் பெரிதாக ஏறவில்லை.

பழைய_பட்டறை:
உங்கள் காடிக்கு அது தேவைதான், சரியான அளவும்கூட. கம்பெனியே 86-க்கு பிரெம்போ பிரேக் கொடுத்தபோது முன்னால் 326, பின்னால் 316 என்று இரண்டையும் சேர்த்துத்தான் ஏற்றினார்கள். முன்னால் மட்டும் ஆறு பிஸ்டன் மாட்டுவதில்தான் எனக்குப் பயம். பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடினால் பெடல் அமுக்குகிற மாஸ்டர் சிலிண்டர் அதிக எண்ணெய் தள்ள வேண்டும், பெடல் இன்னும் ஆழமாகப் போகும். முன் சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், பின் பிரேக் பாதி வேலையோடு நின்றுவிடும். காடி நிற்கிற தூரம் அதிகமாகவும் வாய்ப்பு உண்டு. கடைக்காரரிடம் பிஸ்டன் விட்டத்தைக் கேள் தம்பி. பதில் தெரியாவிட்டால் எழுந்து வந்துவிடு.

விலை மலிவாகக் கிடைத்தாலும் யோசி. பல வருடம் முன்பு பெரிய பெயர் பொறித்த சிவப்புக் கேலிப்பர் ஜோடி ஒன்றை நம்பி வாங்கி வாடிக்கையாளர் காடியில் மாட்டினேன். கெந்திங் மலை இறக்கத்தில் போய்த் திரும்பியதும் ஒரு பக்கம் எண்ணெய் கசிந்து ரிம்மில் வழிந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ரப்பர் வளையம் வெந்து, நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. போலி. அந்தக் காடியில் இரண்டு பிள்ளைகள் போயிருந்தார்கள். இன்றும் சிவப்புக் கேலிப்பர் பார்த்தால் முதலில் அந்த ரப்பர்தான் நினைவுக்கு வருகிறது.

கிள்ளான்86 (ஆறு வாரம் கழித்து):
அண்ணே, நேற்று போய் வந்தேன். எண்ணெய், பேட், ஹோஸ் எல்லாம் கூலியோடு 1,900 வெள்ளிக்குள் முடிந்தது. புது பேட்டை முந்தின நாளே படிப்படியாகச் சூடேற்றிப் படிய வைத்தேன். எட்டு சுற்று, நடுவில் ஒரு சுற்று மெதுவாக ஆறவிட்டு ஓட்டினேன். பெடல் கடைசி வரை ஒரே உயரம். பச்சைப் பொட்டு முழுக்க மாறிவிட்டது, ஆரஞ்சு ஒரு ஓரத்தில் மட்டும் மாறியிருக்கிறது, சிவப்பு அப்படியே இருக்கிறது. படம் எடுத்து வைத்திருக்கிறேன், இரவு ஏற்றுகிறேன். தம்பியை இந்த முறை கூட்டிப் போகவில்லை. அடுத்த மாதம் வருகிறேன் என்கிறான். அதற்குமுன் எண்ணெயை இன்னொரு முறை மாற்றிவிடவா, இல்லை காற்று மட்டும் எடுத்தால் போதுமா?

பழைய_பட்டறை:
முன் இரண்டு கேலிப்பரிலும் கோப்பை அளவு புது எண்ணெய் ஓடவிட்டு எடு, போதும். ஆரஞ்சு மாறியது எந்தப் பக்க டிஸ்க்? இரண்டிலும் ஒரே மாதிரி இல்லையென்றால் கேலிப்பர் நகர உதவும் ஸ்லைட் பின் ஒரு பக்கம் இறுகியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கொண்டு வா, கழற்றிப் பார்ப்போம்.