ஆய்வகத்திலிருந்து வாட்டர்கலருக்கு வருகிறவர்கள்: வகுப்பில் பார்த்தது

ஓய்வுபெற்ற விஞ்ஞானிகள் வண்ணம் பழக வந்தால் முதல் வாரமே கலர் சார்ட் போட்டுவிடுவார்கள். நல்ல பழக்கம்தான். ட்யூபில் பெரிதாக அச்சடித்த பெயரை விட்டுவிட்டுப் பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைத் தேடவும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிபி என்றால் நீல நிறமி: பிபி 29 அல்ட்ராமரைன், பிபி 15 தாலோ நீலம்.

சறுக்குவது தண்ணீரில். நனைத்த தாள் காய எத்தனை நிமிடம் என்று குறித்து வைப்பார்கள். மறுநாள் காற்றில் ஈரப்பதம் மாறினால் அந்தக் கணக்கு உதவாது. தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நீர் பளபளத்தால் நிறம் கட்டின்றி ஓடும். பளபளப்பு மங்கி லேசாக மினுங்கும்போது வைத்தால் விளிம்பு மென்மையாக நிற்கும். மினுக்கம் போயும் புறங்கைக்குச் சில்லென்று பட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, பிரஷ் வைக்காதீர்கள். பாதி காய்ந்த வாஷில் (நீர்த்த நிறத்தைப் பரப்பிய பூச்சில்) தண்ணீர் அதிகமுள்ள பிரஷ் பட்டால், அந்த நீர் பரவிக்கொண்டே நிறமியைத் தள்ளிப்போய் ஓரத்தில் சேர்க்கும். காலிஃப்ளவர் என்கிறார்களே, அந்தக் கறை இப்படித்தான் விழுகிறது.

*

கற்றுக்கொடுக்கிறவர்கள் எந்தத் தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), முழுப் பருத்தி, கோல்டு பிரஸ் எனும் லேசான சொரசொரப்புள்ள ரகம். மலிவான மரக்கூழ்த் தாளில் வாஷ் திட்டுத்திட்டாகக் காயும். பழகுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். 56×76 செ.மீ. முழுத் தாளை எட்டாக வெட்டினால் 19×28 கிடைக்கும், பயிற்சிக்குத் தாராளம். பின்பக்கமும் வீணாகாது.

*

இவர்களே பாடம் எடுக்கும்போது வேறு சிக்கல். அல்ட்ராமரைன் ஏன் பொரிபொரியாகப் படிகிறது என்று யாராவது கேட்டால் போதும், தொடங்கிவிடுவார்கள். அதன் துகள் பெரியது, தாளின் பள்ளங்களில் தங்குகிறது. தாலோவின் துகள் மிக நுண்ணியது, இழையில் பிடித்துக்கொண்டால் முழுசாக எடுக்க முடியாது. இவ்வளவு போதும். பத்து நிமிடம் விளக்கினால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் வாஷ் காய்ந்துபோகும். காரணத்தைத் தாள் நனையுமுன் சொல்லிவிட வேண்டும்.

முதல் பயிற்சிக்கு அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் மட்டும் கொடுங்கள். நீலமும் செம்பழுப்பும் ஒன்றையொன்று அடக்கிச் சாம்பல் வரும். கறுப்பு ட்யூபே வேண்டாம். வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை ஐந்து கட்டம். காய்ந்தால் வெளுக்கும், அதனால் ஈரத்தில் ஒரு படி கூட்டியே வைக்கணும். அவசரத்துக்கு ஹேர் டிரையர் பிடிப்பதாக இருந்தால் மினுக்கம் போன பிறகு, ஓரடி தள்ளி. தேங்கிய நீரில் பிடித்தால் காற்று நிறத்தை அடுத்த கட்டத்துக்குள் தள்ளிவிடும்.