ஸ்குவயர் இல்லாத யெஸ், யெஸ்தானா?

காரைக்குடி ரசிகன்:
பினாங்கில் கடை வைத்திருந்த எங்கள் அய்யாவின் பெட்டியிலிருந்து 'குளோஸ் டு தி எட்ஜ்' இசைத்தட்டை எடுத்த நாள் முதல், ஏறத்தாழ 30 ஆண்டுகளாக, நான் அதை வெளியிட்ட யெஸ் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் தீவிர ரசிகன். முதல் பக்கம் முழுவதும் 18 நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரே பாடல் என்பதால், ஊசியை வைத்துவிட்டு ஊஞ்சலில் படுத்தால் இடையில் எழ வேண்டியதில்லை. ('இது எப்பத்தான் முடியும்?' என்று ஆச்சி கேட்பதுண்டு.) தொடக்கம் முதல் பேஸ் கிட்டார் வாசித்த கிறிஸ் ஸ்குவயர் 2015இல் மறைந்த பிறகு வந்த தொகுப்புகளில் என் மனம் ஒன்றவில்லை. இது வெறும் பிடிவாதமா?

தேவகோட்டையிலிருந்து:
பிடிவாதம்தான் அண்ணே. நீங்கள் போற்றும் அதே தட்டின் ஒலிப்பதிவு முடிந்த கையோடு, 1972இலேயே, டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்ட் கிங் கிரிம்சன் என்ற வேறொரு குழுவுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த ஆலன் வைட் 2022இல் மறையும் வரை இருந்தார். ஆள் மாறுவது அவர்களுக்குப் புதிதன்று.

கண்டனூர் வாசகர்:
காரைக்குடியாரே, நான் உங்கள் கட்சி. குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹவ் இன்றும் அருமையாக வாசிக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் ஸ்குவயரின் ரிக்கன்பேக்கர் பேஸ் கிட்டார் பின்னணியில் ஒதுங்காமல், தனிக்குரலாகவே முன்னால் வந்து பாடும். அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. தட்டைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் வளைந்துவிடும்.

காரைக்குடி ரசிகன்:
வளைந்துவிட்டது ஐயா. கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனின் தேவாலய ஆர்கன் எழும் இடத்தில் ஊசி துள்ளுகிறது.