'லோக்கல்' வாங்கி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

எலக்ட்ரிக்கல் கடையில் வயர் கேட்டால் முதல் கேள்வியே "கம்பெனி வேணுமா, லோக்கல் போதுமாண்ணே?"தான். அந்த லோக்கலுக்குள் எதை எதையோ அடைத்துவிடுகிறார்கள். பேர் தெரியாத சின்ன கம்பெனியும் லோக்கல், பெரிய கம்பெனி பேரில் ஒரு எழுத்தை மாற்றி அதே நிறத்தில் அட்டை அடித்து வருவதும் லோக்கல். பின்னது டூப்ளிகேட், அதை அப்படித்தான் சொல்ல வேண்டும்.

மாடி வயரிங்குக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் சுருள் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். நுனியைச் சீவி, கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டியதும் செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாக அலுமினியம். "லைட் லைனுக்கு இது தாங்கும் சார்" என்கிறார். எப்படித் தாங்கும்? அலுமினியத்துக்கு மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், அதே கனத்தில் போட்டால் சூடு ஏறத்தான் செய்யும். அட்டையில் ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி ஏதோ இருந்தது, ஆனால் மேலே வயருக்கான தர எண்ணான ஐஎஸ் 694-ம் இல்லை, கீழே சிஎம்/எல் எண்ணும் (தயாரிக்கிற கம்பெனிக்குக் கொடுக்கும் உரிம எண்) இல்லை. கடைசியில் எடுத்ததும் அதே கடையில் இன்னொரு லோக்கல்தான். கேள்விப்படாத பேர், ஆனால் சிஎம்/எல் எண்ணை ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கும் பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டதும் கம்பெனி பேர், முகவரி எல்லாம் வந்தது, விலையும் நன்றாகவே குறைவு.

---

எங்கள் கோயம்புத்தூரில் கிரைண்டர் வாங்கும்போது லோக்கல் என்றால் மட்டம் என்று யாரும் நினைப்பதில்லை. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊருங்க இது. மாமியார் வைத்திருக்கும் டில்டிங் கிரைண்டரின் பேரை டிவியில் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டீர்கள், கல் கொத்தவோ பெல்ட் மாற்றவோ வேண்டுமென்றால் நேராகப் பட்டறைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவோம். பெரிய கம்பெனி மிக்ஸிக்குத்தான் சர்வீஸ் சென்டரில் தவம் கிடக்க வேண்டியிருக்கிறது.

---

மாத்திரையையும் லோக்கல் என்கிறார்களே, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனி பேர் இல்லாமல் மருந்தின் பேரிலேயே குறைந்த விலைக்கு விற்கும் மக்கள் மருந்தகத்தில் அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கி வந்தால், "இது லோக்கல்டா, கேக்காது" என்று ஒதுக்கி வைத்தார். பழைய அட்டையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், இரண்டிலும் மருந்து அம்லோடிபின் 5 மி.கி. என்றுதான் இருந்தது. டாக்டரும் இதே போதும் என்ற பிறகுதான் போடுகிறார், அதுவும் முனகிக்கொண்டே.